சீனாவின் கையெழுத்து யாருடையது? நாடு, அரசாங்கம், அங்கீகாரம்: ஓர் எளிய விளக்கம்

ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், 23-வது பிரிவில் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். அதில் முதல் பெயர் 'சீனக் குடியரசு'. பெய்ஜிங்கிலிருந்து ஆட்சி செய்யும் அரசாங்கத்தின் பெயர் 'மக்கள் சீனக் குடியரசு'. வெறும் 'சீனக் குடியரசு' என்பது தைவான் தீவில், தைப்பே நகரத்திலிருந்து நடக்கும் அரசாங்கத்தின் பெயர். ஆனால் 1971 முதல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெய்ஜிங்.

இது எப்படி என்று புரிந்துவிட்டால் தைவான் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். செய்தி விவாதங்களில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "தைவான் என்ற நாட்டை ஐ.நா. வெளியேற்றிவிட்டது." "தைவான் சீனாவுடையது என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது." "அங்கீகாரம் இல்லாததால் தைவான் நாடே இல்லை." மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுமே தவறாகச் சொல்லப்படுகின்றன. சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் வாழும் ஓரிடத்தைப் பற்றி, போர் மூளுமா என்று உலகமே கவலைப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி, இவ்வளவு மேலோட்டமாகப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

சங்கமும் செயலாளரும்

ஓர் ஊரில் வியாபாரிகள் சங்கம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, சில வங்கிகளில் கணக்கு இருக்கிறது. எல்லாம் சங்கத்தின் பேரில். காசோலையில் கையெழுத்துப் போடுவது மட்டும் செயலாளர். செயலாளர் மாறுவார், சங்கம் மாறாது. பழைய செயலாளர் வாங்கிய கடனைப் புதியவர் வந்தும் சங்கம்தான் அடைக்கும்.

ஒருநாள் சங்கத்தில் பெரிய சண்டை. கடைவீதி முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், "நான்தான் செயலாளர்" என்கிறார். பழைய செயலாளரோ முத்திரையையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் ஒரு தெருவில் போய் உட்கார்ந்துவிட்டார். அவரும் "நான்தான் செயலாளர்" என்கிறார். இரண்டு பேரில் யாரும் "நான் புதுச் சங்கம் தொடங்கிவிட்டேன்" என்று சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வங்கி மேலாளருக்கு என்ன சிக்கல்? சங்கம் இருக்கிறதா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யாருடைய கையெழுத்துக்குப் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு வங்கி கடைவீதிக்காரர் கையெழுத்தை ஏற்கலாம், இன்னொரு வங்கி பழையவரிடமே நிற்கலாம்.

இங்கே சங்கம் என்பது நாடு: நிலம், மக்கள், பெயர், கடமைகள் எல்லாம் சேர்ந்த, தொடர்ந்து இருக்கிற ஒன்று. செயலாளர் என்பது அரசாங்கம்: அந்த நாட்டின் பேரில் பேசவும் கையெழுத்திடவும் செய்கிற அமைப்பு. தமிழில் 'அரசு' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்திவிடுகிறோம், அதுவே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதனால் இந்தக் கட்டுரையில் நாடு, அரசாங்கம் என்ற இரண்டு சொற்களை மட்டும் பயன்படுத்துகிறேன்.

சங்கக் கதைக்கும் நாடுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கச் சண்டை முற்றினால் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிடும். நாடுகளுக்கு மேலே எல்லோரையும் கட்டுப்படுத்தும்படி இதைச் சொல்லக்கூடிய ஆணையம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தானே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு செயலாளர்கள் எப்படி வந்தார்கள்

1912 ஜனவரி 1 அன்று சன் யாட்-சென் தலைமையில் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் சிறுவனான கடைசிப் பேரரசர் பூயி பதவி விலகினார். அந்த நேரத்தில் தைவான் சீனாவிடம் இல்லை. 1895-ல் போரில் தோற்ற சிங் பேரரசு, ஷிமோனோசெகி உடன்படிக்கையில் அதை ஜப்பானுக்குக் கொடுத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 அக்டோபர் 25 அன்று சியாங் கை-ஷேக் தலைமையில் இருந்த சீனக் குடியரசு தைவானின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானது. முதலில் கையெழுத்திட்ட நாடு சீனா. அந்தக் குழுவில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த டோங் பிவூவும் இருந்தார், அவரும் கையெழுத்திட்டார். பின்னால் பகையான இரண்டு தரப்பின் கைகளும் அந்த ஒரே ஆவணத்தில் பட்டிருக்கின்றன.

பிறகு சியாங்கின் அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர். 1949 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ மக்கள் சீனக் குடியரசை அறிவித்தார். டிசம்பரில் சியாங்கின் அரசாங்கம் தைப்பேக்கு நகர்ந்தது. பெருநிலம் முழுவதும் ஒருவரிடம், தைவானும் சில சிறு தீவுகளும் மற்றவரிடம். இரண்டு தரப்புமே "முழுச் சீனாவுக்கும் நானே அரசாங்கம்" என்றன.

தைவான் சட்டப்படி யாருக்குச் சேரும் என்பதில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. 1951-ல் ஜப்பானோடு செய்த சமாதான உடன்படிக்கைக்கு இரண்டு தரப்பையுமே அழைக்கவில்லை. அதில் ஜப்பான் தைவான் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. யாரிடம் விட்டுக்கொடுத்தது என்று எழுதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கறிஞர்கள் அந்த எழுதாத வரியைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: 1949-ல் உலகத்தின் முன் நின்ற கேள்வி "இரண்டு நாடுகளா?" என்பதே அல்ல. "சீனா என்ற ஒரே நாட்டுக்கு எது அரசாங்கம்?" என்பதுதான்.

அங்கீகாரம் என்றால் என்ன

ஒரு நாடு இன்னொன்றைப் பார்த்து, "உன்னை நாடாக ஏற்கிறேன்" அல்லது "உன்னை அந்த நாட்டின் அரசாங்கமாக ஏற்கிறேன்" என்று தெரிவிப்பதே அங்கீகாரம். இரண்டும் வேறு வேறு. தேர்தலில் ஆட்சி மாறினால் யாரும் புதிதாக அங்கீகரிப்பதில்லை. புரட்சி, ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர் போன்றவற்றில்தான் இரண்டாவது வகைக் கேள்வி எழும்.

இந்தியா செய்ததைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1948 முதல், அப்போதைய தலைநகரான நான்கிங்கில் சியாங்கின் அரசாங்கத்திடம் இந்தியத் தூதராக இருந்தவர் கே. எம். பணிக்கர். 1949 டிசம்பர் 30 அன்று இந்தியா பெய்ஜிங் அரசாங்கத்தை அங்கீகரித்தது. 1950-ல் அதே பணிக்கர் பெய்ஜிங்கில் இந்தியத் தூதராகப் பொறுப்பேற்றார். தூதர் அவரேதான், நாடும் சீனாவேதான். யாருடைய கையெழுத்தை ஏற்பது என்பது மட்டும் மாறிவிட்டது.

அங்கீகாரத்தையும் தூதரக உறவையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. தூதரக உறவு என்பது தூதர்களை மாற்றிக்கொண்டு நடத்தும் அன்றாடத் தொடர்பு. இலங்கை 1950 ஜனவரியிலேயே பெய்ஜிங்கை அங்கீகரித்துவிட்டது. 1952-ல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் புகழ்பெற்ற ஒப்பந்தத்தையும் செய்துகொண்டது. தூதரக உறவு ஏற்பட்டதோ 1957-ல். பிரிட்டன் இன்னும் விசித்திரம். 1950 ஜனவரி 6 அன்று பெய்ஜிங்கை அங்கீகரித்துவிட்டு, தைவானில் தாம்சூயி என்ற இடத்தில் தன் துணைத் தூதரகத்தை 1972 வரை மூடாமல் வைத்திருந்தது.

சரி, ஒன்று நாடாக இருக்க என்ன வேண்டும்? 1933-ல் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன். மற்றவர்கள் அங்கீகரிக்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல ஒரு நாட்டின் இருப்பு என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிறந்த குழந்தை குழந்தைதான். ஆனால் பள்ளியில் சேர்க்கப் போகும்போது, கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது, அந்தக் காகிதம் இல்லாமல் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும். அங்கீகாரம் ஏறக்குறைய அப்படிப்பட்ட காகிதம். காகிதம் இருந்தால் மட்டும் உயிர் வந்துவிடாது என்பதும் உண்மை. 1932-ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்து 'மஞ்சுகுவோ' என்று ஒரு நாட்டை உருவாக்கி, பதவியிழந்த பூயியையே அதன் தலைவராக்கி, தானே அங்கீகாரமும் கொடுத்தது. ஜப்பானியப் படை தோற்ற 1945-லேயே அது மறைந்துவிட்டது.

ஐ.நா.வில் 22 ஆண்டுகள்

இப்போது முதல் தவறான வாக்கியத்துக்கு வருவோம். ஐ.நா. ஒரு பெரிய சங்கம் மாதிரி. புதிய நாடு உறுப்பினராகச் சேர்வது ஒரு வழி. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் நாட்டின் சார்பில் யார் வந்து உட்காருவது என்பது வேறு வழி. இந்த இரண்டாவது கேள்விக்குப் பிரதிநிதித்துவக் கேள்வி என்று பெயர். சீனா தொடக்க உறுப்பினர் என்பதால் பெய்ஜிங் என்றுமே ஐ.நா.வில் 'புதிதாகச் சேர' விண்ணப்பிக்கவில்லை. "என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்" என்பதுதான் அதன் வாதம்.

அந்த நாற்காலிச் சண்டை உலக வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1950 ஜனவரியில், சியாங்கின் பிரதிநிதி வெளியேற வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் பாதுகாப்புச் சபையைப் புறக்கணித்தது. ஜூனில் கொரியப் போர் வெடித்தபோது சோவியத்தின் நாற்காலி காலி. நிரந்தர உறுப்பினர் ஒருவர் போட்டாலே தீர்மானத்தை வீழ்த்திவிடும் தடுப்பு வாக்கைப் (வீட்டோ) போட ஆள் இல்லாததால் தென்கொரியாவுக்குப் படையுதவி செய்யும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. 1955-ல் தைப்பேயிலிருந்து வந்த பிரதிநிதி, சீனாவின் தடுப்பு வாக்கைப் பயன்படுத்தி மங்கோலியா ஐ.நா.வில் சேர்வதைத் தடுத்தார். மங்கோலியாவும் சீனாவின் பகுதி என்பது அவர்கள் வாதம். ஒரு தீவை ஆண்ட அரசாங்கம் பெருநிலம் முழுவதற்கும் சேர்த்து வாக்களித்த காலம் அது.

அமெரிக்கா 1950-கள் முழுவதும் இந்தக் கேள்வியை விவாதத்துக்கே வரவிடாமல் தள்ளிப்போட்டது. 1961 முதல், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதியைப் போட்டுத் தடுத்தது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் புதிதாக விடுதலையடைந்த நாடுகள் உள்ளே வரவர எண்ணிக்கை மாறியது. 1970-ல் பெய்ஜிங்குக்கு ஆதரவாக 51, எதிராக 49. பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை.

1971 அக்டோபர் 25 இரவு அந்தத் தடுப்பு விதியே 59-க்கு 55 என்ற வாக்கில் தோற்றது. முடிவு தெரிந்துவிட்ட தைப்பே குழு, இறுதி வாக்கெடுப்புக்கு முன்பே எழுந்து வெளியேறியது. பிறகு 2758-ஆம் தீர்மானம் 76-35 என்று நிறைவேறியது, 17 நாடுகள் நடுநிலை. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 1962-ல் சீனாவோடு போர் நடந்து காயம் ஆறாத நிலையிலும், சீனாவின் நாற்காலி யாருக்கு என்பதில் இந்தியா தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் அரசாங்கத்தை அங்கீகரிப்பது அதை விரும்புவதாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தத் தீர்மானம் குறுகியது, யாரும் படித்துவிடலாம். மக்கள் சீனக் குடியரசின் பிரதிநிதிகளே சீனாவின் சட்டப்பூர்வப் பிரதிநிதிகள் என்கிறது. 'சியாங் கை-ஷேக்கின் பிரதிநிதிகளை' வெளியேற்றச் சொல்கிறது. 'தைவான்' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அந்தத் தீவு யாருக்குச் சேரும் என்று அது நேராகச் சொல்லவில்லை. தைவானைச் சீனாவின் பகுதியாக அது முடிவுசெய்துவிட்டது என்று பெய்ஜிங் சொல்கிறது, அமெரிக்கா இல்லை என்கிறது.

ஆக, 1971-ல் தைவான் என்ற ஒரு நாடு உறுப்பினர் பதவியை இழக்கவில்லை. சீனா என்ற உறுப்பினரின் கையெழுத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. சாசனத்தில் 'சீனக் குடியரசு' என்று இருப்பதும் அதனால்தான். உறுப்பினர் மாறவில்லை, சாசனத்தைத் திருத்தவும் இல்லை.

ஒரே ஒரு வினைச்சொல்லில் தொங்கும் கொள்கை

இரண்டாவது வாக்கியம் அமெரிக்காவைப் பற்றியது. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஒரே சீனா கோட்பாடு' என்பது பெய்ஜிங்கின் நிலை: உலகில் ஒரே சீனா, தைவான் அதன் பகுதி, மக்கள் சீனக் குடியரசே அதன் ஒரே சட்டப்பூர்வ அரசாங்கம். 'ஒரே சீனா கொள்கை' என்பது மற்ற நாடுகள் தங்களுக்காக வகுத்துக்கொண்ட நிலை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நாட்டுக்கு நாடு உள்ளடக்கம் மாறும்.

பெய்ஜிங்கோடு உறவு வேண்டுமென்றால் தைப்பேயோடு தூதரக உறவை வெட்ட வேண்டும். இதில் விலக்கே கிடையாது. ஆனால் தைவான் சீனாவின் பகுதி என்பதற்கு என்ன பதில் சொல்வது என்பதில் ஒவ்வொரு நாடும் சொற்களை எண்ணி எண்ணி எழுதியது. 1970-ல் கனடா அந்த நிலையைக் 'குறித்துக்கொள்கிறோம்' என்றது. 1972-ல் ஜப்பான் 'புரிந்துகொண்டு மதிக்கிறோம்' என்றது. அமெரிக்கா 1979 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த கூட்டறிக்கையில் இரண்டு வினைச்சொற்களைப் பயன்படுத்தியது. சீனாவின் ஒரே சட்டப்பூர்வ அரசாங்கம் பெய்ஜிங் என்பதை 'அங்கீகரிக்கிறது'. தைவான் சீனாவின் பகுதி என்ற சீனத் தரப்பின் நிலையையோ 'அறிந்திருக்கிறது'. பக்கத்து வீட்டுக்காரர் "அந்தக் காலி மனை எங்களுடையது" என்கிறார். "நீங்கள் அப்படிச் சொல்வது தெரியும்" என்று பதில் சொன்னால் மனையை எழுதிக்கொடுத்ததாக ஆகாது அல்லவா?

அந்த அறிக்கையின் சீன மொழி வடிவத்தில் இரண்டாவது இடத்திலும் அங்கீகாரத்துக்கு உரிய வலுவான சொல்லே போடப்பட்டிருக்கிறது. இரண்டு தரப்பும் தத்தம் மொழி வடிவத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை வாதாடுவது இப்படித்தான். அதே 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தைவான் உறவுச் சட்டத்தை இயற்றி, தற்காப்பு ஆயுதங்கள் விற்பதற்கும் வழி வைத்துக்கொண்டது.

அங்கீகாரம் போனால் என்ன போகும்

ஜப்பானின் கியோட்டோவில் சீன மாணவர்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. உடைமை தைப்பே அரசாங்கத்தின் பேரில். அங்கே தங்கியிருந்த சில மாணவர்களை வெளியேற்றக் கேட்டு 1967-ல் சீனக் குடியரசு வழக்குப் போட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1972-ல் ஜப்பான் பெய்ஜிங்கை அங்கீகரித்துவிட்டது. இப்போது வழக்குத் தொடுத்தவர் யார்? வழக்குப் போட்டு 40 ஆண்டுகள் கழித்து, 2007-ல் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்குத் தொடுத்தது சீனா என்ற நாடு; அதன் சார்பில் பேசும் அதிகாரத்தைத் தைப்பே 1972-லேயே இழந்துவிட்டது. சங்கக் கட்டடம், செயலாளர் கையெழுத்து என்று முதலில் பார்த்த அதே கணக்குதான்.

பெயரும் போகும். ஒலிம்பிக்கில் தைவான் வீரர்கள் 'சீனத் தைப்பே' என்ற பெயரில், தங்கள் கொடியும் தேசிய கீதமும் இல்லாமல்தான் நிற்கிறார்கள். தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளை தன் வீட்டில் பறக்கும் கொடியை மேடையில் பார்க்க முடியாது. உலக வர்த்தக அமைப்பில் 2002-ல் சேர்ந்தபோது அதன் பெயர், தைவான் முதலான நான்கு தீவுப் பகுதிகளின் 'தனிச் சுங்கப் பகுதி'. அந்த அமைப்பு நாடு அல்லாத சுங்கப் பகுதிகளையும் சேர்த்துக்கொள்வதால் அந்தக் கதவு திறந்தது. உலக சுகாதார அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் 2009 முதல் 2016 வரை பார்வையாளராக உட்கார முடிந்தது, பிறகு அதுவும் இல்லை.

அங்கீகரிக்கும் நாடுகளின் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1992-ல் தென்கொரியா போனது, 1998-ல் தென்னாப்பிரிக்கா. 2024 ஜனவரியில் பசிபிக் தீவான நவூரு பெய்ஜிங் பக்கம் போனதும் 12 மிஞ்சின. வத்திக்கான், பராகுவே, குவாத்தமாலா, எஸ்வாத்தினி, பலாவ் முதலியவை அதில் அடக்கம். நவூரு 2002-ல் ஒருமுறை தைப்பேயை விட்டுப் போய், 2005-ல் திரும்பி வந்து, மறுபடியும் போயிருக்கிறது. உதவிப் பணத்துக்கு இந்தத் தாவல்களில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் தொடர்பு அறுந்துவிடவில்லை. தூதரகம் என்ற பலகை இல்லாமல் தூதரக வேலையைச் செய்யும் அலுவலகங்கள் வந்தன. 1995-ல் தைப்பேயில் 'இந்தியா-தைப்பே சங்கம்' திறக்கப்பட்டது. புது தில்லியில் 'தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையம்' வந்தது, 2012-ல் சென்னையிலும் அதன் கிளை வந்தது. இரண்டு பெயரிலும் 'தைவான்' இல்லை. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லித்துவேனியா சாட்சி. 2021-ல் அங்கே 'தைப்பே' என்பதற்குப் பதிலாகத் 'தைவான்' பெயரில் அலுவலகம் திறக்க அனுமதித்தார்கள். பெய்ஜிங் உடனே லித்துவேனியாவுடனான தூதரக உறவைத் தரமிறக்கியது.

அப்படியென்றால் தைவான் நாடா?

மாண்டிவிடியோவின் முதல் மூன்று தகுதிகள் தைவானுக்கு இருக்கின்றன. சொந்த ராணுவம், நாணயம், நீதிமன்றங்கள் உண்டு. 1996 முதல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்கள் சீனக் குடியரசு ஒரு நாள்கூட அந்தத் தீவை ஆண்டதில்லை. நான்காவது தகுதியும் நடைமுறையில் பெரிய அளவில் இருக்கிறது. அதனால் "அங்கீகாரம் இல்லை, எனவே நாடே இல்லை" என்ற மூன்றாவது வாக்கியம் நிற்காது.

மறுபக்கம், "அது தனி நாடு, அவ்வளவுதான்" என்றும் முடித்துவிட முடியாது. தைப்பே இன்றுவரை "நாங்கள் தைவான் என்ற புதிய நாடு" என்று சட்டப்படி அறிவிக்கவில்லை. அங்கே நடப்பிலிருப்பது நான்கிங்கில் இயற்றி 1947-ல் நடைமுறைக்கு வந்த சீனக் குடியரசின் அரசியலமைப்பு. 1991-ல் அந்த அரசாங்கம் பெய்ஜிங்கைக் 'கலகக்காரர்கள்' என்று நடத்துவதைக் கைவிட்டது. பழைய செயலாளர் இப்போது கடைவீதி முழுவதையும் கேட்பதில்லை, ஆனால் சங்கத்தின் பெயர்ப் பலகையையும் கழற்றவில்லை. கழற்றினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2005-ல் பெய்ஜிங் இயற்றிய பிரிவினை எதிர்ப்புச் சட்டம், தைவான் பிரிந்தால் அமைதியல்லாத வழிகளைப் பயன்படுத்த இடம் தருகிறது.

இந்தியா 1949-ல் எடுத்த நிலையை இன்றும் மாற்றவில்லை. ஆனால் 2010-க்குப் பிறகு சீனாவோடு வெளியிடும் கூட்டறிக்கைகளில் 'ஒரே சீனா' என்ற சொல்லைத் திரும்ப எழுதுவதை நிறுத்திவிட்டது. இதற்கிடையே ஸ்ரீபெரும்புதூரில் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான் ஐஃபோன் தயாரிக்கிறது. அங்கே வேலைக்கு வரும் தைவான் பொறியாளரின் கடவுச்சீட்டு அட்டையில் 'தைவான்' என்ற பெயரோடு, சீன எழுத்துகளில் 'சீனக் குடியரசு' என்றும் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயருள்ள அரசாங்கத்தோடு இந்தியாவுக்கு 1949 டிசம்பர் முதல் தூதரக உறவு இல்லை. அந்தக் கடவுச்சீட்டுக்கு இந்தியா விசா கொடுக்கிறது.